கட்டிக்கு நான்கெல்லை

"இதுல எழுதிக் கொடுக்கிறவனோட தகப்பன் பேரே இல்லையே, டாக்டரம்மா?" என்றார் பால்வண்ணநாத பிள்ளை.

டாக்டரம்மா பொறுமையாக அந்தத் தாளை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"தகப்பனார் பேரு வேண்டாம். உங்க சம்சாரத்துக்கு வயித்துல கட்டி. திங்கட்கிழமை காலையில ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை நான் ஒரு மாச லீவுல மெட்ராஸ் போறேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கட்டி காத்திருக்காது. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

தாளில் இருந்தது மொத்தம் இரண்டரை வரி. சம்மதத்தின் பேரில் ரண சிகிச்சை செய்யப்படுகிறது, அதில் உயிருக்கு அபாயம் நேரிடக்கூடும் என்பது தெரியும். அவ்வளவுதான்.

இரண்டரை வரியா! தென்காசி சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் இருபத்தேழு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர் பிள்ளை. அவர் எழுதிய பத்திரங்களை ஒன்றோடொன்று ஒட்டி நீட்டினால், செங்கோட்டை போய், மலையைக் கடந்து, புனலூரில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அவருடைய பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முயன்ற மூன்று வக்கீல்களில் ஒருவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டார் என்று ஊரில் பேச்சு.

பேனாவை எடுத்தார். 'உயிருக்கு அபாயம்' என்ற இடத்தில் கண் நின்றது. எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். அதை டாக்டரம்மா பார்த்துவிட்டாரோ என்று பிள்ளைக்குக் கோபம் வந்தது. கோபத்தைத் தாளின் மேல் காட்டினார்.

"ஒரு கிழட்டுப் பசுவை விக்கதுக்குக்கூட இதைவிட விவரமா எழுதுவோம்! வருஷம் இல்லை, மாசம் இல்லை, சொத்து விவரம் இல்லை. இந்த மொட்டைத் தாளுல என் பொண்டாட்டியைத் தூக்கிக் கொடுக்கவா? நானே எழுதிக் கொண்டாரேன்!"

"சட்டப்படி இதுல..." என்று டாக்டரம்மா தொடங்கியபோது, பிள்ளை தாளை உதறிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் படியிறங்கிவிட்டார். உதறிய சத்தம் கோயில் மொட்டைக் கோபுரம் வரைக்கும் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நான்கு பக்கப் பத்திரத்தோடு வந்தார். அது பெண்கள் ஆஸ்பத்திரி. சாயங்காலம் அரை மணி நேரம் தவிர ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. வாசலில் வார்டு ஆயா வள்ளித்தாய் நின்றாள். அவளுக்கே ஒருமுறை வாசித்துக் காட்டினார்.

"ஈசுவர வருஷம் ஆனி மாதம், தென்காசியிலிருக்கும் சிவசுப்பிரமணிய பிள்ளை குமாரர் பால்வண்ணநாத பிள்ளை எழுதிக் கொடுத்த சம்மதப் பத்திரம் என்னவென்றால், என் மனைவி சண்முகசுந்தரி வயிற்றில் கண்ட கட்டியையும், அதைச் சேர்ந்த சகல பாத்தியதைகளையும் டாக்டரம்மாள் வசம் ஒப்படைத்துவிட்டபடியால், இனிமேல் மேற்படி கட்டிக்கும் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. மேற்படி கட்டியின் பேரில் முன் வில்லங்கம் ஏதுமில்லை..."

"ஆத்தாடி!" என்றாள் வள்ளித்தாய். "கட்டி இதைக் கேட்டுதுன்னா தானா எறங்கி வந்துரும் அண்ணாச்சி."

பத்திரத்தோடு உள்ளே போனவள், கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்காம். ஆனா கட்டிக்கு நாலெல்லை எங்கன்னு கேக்காவ."

பிள்ளை நெற்றியில் அறைந்துகொண்டார். நான்கெல்லையை விட்டுவிட்டோமே! இருபத்தேழு வருஷத்தில் இப்படி ஒரு பிசகா? அதே சமயம் டாக்டரம்மா மேல் அவருக்கு அளவு கடந்த மரியாதை பிறந்தது. "என்ன படிப்பு! என்ன படிப்பு! ரண வைத்தியமும் படிச்சு, சொத்து விவரமும் தெரிஞ்சு வச்சிருக்காங்க பாரு!"

அன்று சாயங்காலம் உள்ளே போனபோது, கையில் நூல் கயிறும் திசை பார்க்கும் கருவியும் கொண்டுபோனார். சண்முகசுந்தரி கட்டிலில் படுத்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஏளா, கொஞ்சம் அசையாம இரு."

"என்னங்க இது?"

"எல்லை பாக்கேன்."

பக்கத்துக் கட்டில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். பிள்ளை கவனிக்கவில்லை. தலை தெற்கே, கால் வடக்கே. ஆகவே தெற்கு எல்லை இரைப்பை. வடக்கு எல்லை தொடைச் சந்து. கிழக்கும் மேற்கும் இரண்டு விலா. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கட்டி ஒன்று. அளவு, தேங்காய்ப் பிரமாணம்.

"எத்தனை நாளா அனுபவத்துல இருக்குன்னு எழுதணும்," என்றார். "எப்ப இருந்து வலி?"

சண்முகசுந்தரி சற்று யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் இருக்கும்."

பேனா நின்றது. பிள்ளைக்குத் தேதிகள் நினைவிருப்பதெல்லாம் பத்திரங்களை வைத்துத்தான். பாவூர்சத்திரத்து மாந்தோப்புக் கிரயம் பதிவான அன்று, சமையலறை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். "வாயு. இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வடகரை தென்னந்தோப்புப் பாகப்பிரிவினையின்போதும் வாயுதான். அதற்கப்புறம் அவள் சொல்வதையே விட்டுவிட்டாள். வாயு சரியாகிவிட்டது என்று அவரும் எடுத்துக்கொண்டார்.

'சுமார் இரண்டு வருஷ காலமாக' என்று எழுதினார். அந்த ஒரு வரிக்கு மூன்று தடவை மை தொட வேண்டியிருந்தது.

"எழுதி முடிச்சாச்சா?" என்றாள் அவள்.

"இன்னும் கொஞ்சம்."

"அவசரப்படாதீங்க. நிதானமா எழுதுங்க."

பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் பிள்ளை.

சனிக்கிழமை ஆறு பக்கமாகப் பத்திரம் வந்தது. வள்ளித்தாய் உள்ளே போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"அண்ணாச்சி, ராத்திரி சாரல் அடிச்சுதுல்லா? உங்க வீட்டு ஆச்சி கட்டிலைத் திருப்பிப் போட்டாச்சு. இப்பம் தலை கிழக்கே இருக்கு."

பிள்ளை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான்கெல்லையும் புரண்டு போயிற்று! வடக்கே இருந்த தொடைச் சந்து மேற்கே போய்விட்டது. இதை அப்படியே விட்டால், டாக்டரம்மா பத்திரத்தைப் பார்த்து வடக்கே கத்தியை வைத்து, கட்டியை விட்டுவிட்டு விலா எலும்பை எடுத்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாற்றி எழுதினார். அடித்தல் திருத்தல் இருந்தால் பத்திரம் கெட்டுப்போகும் என்பதால், ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாக. கட்டில் மறுபடி நகர்ந்தாலும் செல்லும்படி, 'மேற்படி கட்டில் எத்திசை நோக்கித் திருப்பப்பட்டாலும்' என்று ஒரு தனிப் பக்கம். மொத்தம் ஒன்பது பக்கம். பேரரசுகளையே இதைவிடச் சின்னப் பத்திரத்தில் கைமாற்றியிருக்கிறார்கள்.

எழுதும்வரை ஒன்றுமில்லை. பேனாவை வைத்ததும் 'உயிருக்கு அபாயம்' என்ற அந்த இரண்டு வார்த்தை கண் முன் வந்து நின்றது. உடனே பேனாவை எடுத்து இன்னொரு பிரதி எழுதினார்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். இன்றைக்கு விட்டால் ஒரு மாதம். ஒரு மாதம் அவள் தாங்கமாட்டாள்.

வள்ளித்தாய் ஒன்பது பக்கத்தையும் உள்ளே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள்.

"சாட்சி வேணுமாம். கோர்ட்டுல நாற்காலி போட்டு உக்காந்தவரா இருக்கணுமாம். குத்தாலத்துல சீசனுக்கு வந்திருக்காவளாமே, பெஞ்சன் வாங்குத முன்சீப் ஐயா, அவியகிட்ட வாங்கிட்டு வரச் சொன்னாவ."

"இப்பவா? ஆபரேஷன் நேரம் என்ன?"

"நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி. எல்லாம் அது அது பாட்டுக்கு நடக்கும்."

பிள்ளை குதிரை வண்டியில் பறந்தார். குதிரை பறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஓய்வுபெற்ற முன்சீப் ஆறுமுகநயினார் வீட்டில் இல்லை. பேரருவியில் இருந்தார். கோவணமும் உடம்பு முழுக்க எண்ணெயுமாக, அப்பளம்போல் மின்னிக்கொண்டு, அருவிக்குள் நுழைய முறை பார்த்து நின்றார்.

"என்ன வே பிள்ளைவாள், குளிக்க வந்தீரா, பத்திரம் பதிய வந்தீரா?"

"ஐயா, ஒரு சாட்சிக் கையெழுத்து!"

"என்னது? காது கேக்கல! வாசியும்!"

அருவிச் சத்தத்தில் சாதாரணமாக வாசித்தால் யாருக்குக் கேட்கும்? பிள்ளை தொண்டை கிழிய வாசித்தார். மனைவியின் வயிறு, இரைப்பை, தொடைச் சந்து எல்லாம் பேரருவியின் மேல் எழும்பி ஒலித்தன. குளித்துக்கொண்டிருந்த இருநூறு பேரும் குளிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மூன்றாம் பக்கத்தில் யாரோ, "வில்லங்கம் இல்லைன்னதை இன்னொருக்கா வாசியுங்க அண்ணாச்சி!" என்று கத்தினார்கள்.

ஆறுமுகநயினார் கையை உயர்த்தினார்.

"நிறுத்தும் வே. எழுதிக் கொடுக்கிறது யாரு?"

"நான்தான்."

"வயிறு யாருது?"

"என் சம்சாரத்துது."

"அடுத்தவன் வயலை நீர் கிரயம் எழுதிக் கொடுத்தா செல்லுமா?"

பிள்ளை பத்திரத்தின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஐயா, புருஷன் நான் இருக்கும்போது..."

"புருஷன்னா பக்கத்து வயல்காரன் வே. எல்லை சொல்லும்போதுதான் உம்ம பேரு வரும். உடையவ சம்மதம் எங்க? அவகிட்டக் கேட்டீரா?"

பிள்ளை பதில் சொல்வதற்குள் காற்று திரும்பியது. ஓர் அண்டா நீரை அள்ளி வீசியதுபோல் சாரல் வந்து விழுந்தது. ஒன்பது பக்கமும் கரைந்து, மை முழங்கை வழியாக வேட்டியில் இறங்கியது. நான்கெல்லையும் ஒன்றாகக் கலந்து போயிற்று.

திரும்பும் வழியில் வண்டிக்காரன் ஏதேதோ பேசினான். பிள்ளை காதில் ஒன்றும் ஏறவில்லை. அவளிடம் கேட்டீரா? வலிக்கிறதா என்று கேட்டதில்லை. வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டதில்லை. மேலப்புளியூர் வீட்டை விற்றபோது, அவள் அப்பா கொடுத்த அந்த வீட்டை விற்றபோதுகூட, "இங்கன வை" என்று பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினார். விரலைத்தான் பார்த்தார். முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. ஊரில் யார் வந்தாலும், "மனப்பூர்வமாகச் சம்மதமா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். வீட்டில் இருந்தவளிடம் ஒரு முறை கேட்டிருக்கலாம். அந்த இரண்டரை வரியிலாவது, அன்றைக்கே அவளைக் கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம். ஒன்பது பக்கம் எழுதி நான்கு நாளைத் தின்றாகிவிட்டது. இப்போது உச்சிப் பொழுதும் சாய்கிறது.

ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு புதுத் தாளும் ரேகை உருட்டும் மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டார். வண்டியில் வைத்தே இரண்டரை வரி எழுதினார். அப்படியே ஆஸ்பத்திரித் தாளில் இருந்ததுதான். எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் சண்முகசுந்தரி என்று எழுதியபோது, இத்தனை வருஷத்தில் அவள் பேரை முதல் கட்சியாக எழுதுவது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

நேரம் காலம் பார்க்காமல் வார்டுக்குள் ஓடினார். யாரும் தடுக்கவில்லை. கட்டில் சன்னலோரம் கிழக்கே தலை வைத்துக் கிடந்தது. அதில் யாரும் இல்லை. படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

மைப்பெட்டி கீழே விழுந்தது.

"ஐயோ, ஏளா!" என்று பிள்ளை போட்ட கூச்சலில், பக்கத்து வார்டில் பிறக்க யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று உடனே பிறந்துவிட்டது.

வள்ளித்தாய் ஓடிவந்தாள்.

"எதுக்கு அண்ணாச்சி சத்தம் போடுதிய? ஆபரேஷன் முடிஞ்சு அந்த ரூம்ல படுக்க வச்சிருக்கு. மயக்கம் தெளிஞ்சாச்சு. கட்டியைத் தட்டுல வச்சிருக்காவ, பாக்கேளா?"

பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழே விழுந்த மைப்பெட்டியைக் குனிந்து எடுத்தார்.

"சம்மதம் இல்லாம எப்படிச் செய்தாங்க? இன்னும் அவ ரேகையே வாங்கலியே!"

"ரேகை எதுக்கு? உங்ககிட்டக் கேட்டது வழக்கத்துக்குத்தானாம், நோயாளி கையெழுத்துதான் சட்டத்துக்கு வேணுமாம். அன்னைக்கு நீங்க தாளை உதறிட்டுப் போனியள்லா, ஆச்சி அப்பமே போட்டுட்டாவ."

"அவளுக்கு எழுதத் தெரியாதே!"

"யாரு சொன்னா? சண்முகசுந்தரின்னு முத்து முத்தா எழுதுனாவ. நீங்க கசக்கிப் போடுத தாளை எல்லாம் எடுத்துப் பார்த்துப் பார்த்து எழுதப் படிச்சாவளாம்."

பிள்ளை கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்படின்னா, டாக்டரம்மா எதுக்கு நாலெல்லை கேட்டாங்க? சாட்சி கேட்டாங்க?"

"டாக்டரம்மாவுக்கு நாலெல்லையைப் பத்தி என்ன தெரியும் அண்ணாச்சி? 'சும்மா இருந்தா அந்த மனுசன் பயந்தே செத்துருவாரு, முடியுத வரைக்கும் எழுத ஏதாச்சும் குடுத்துக்கிட்டே இரு'ன்னு ஒவ்வொண்ணா சொல்லிவிட்டது ஆச்சியில்லா!"