நடுக்கடலில் நான் சொன்ன மன்றாட்டு மாலை

அடுத்தவருக்குத் தைரியம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதிலும் எனக்கே பயம் பிடிக்கும்போதுதான் என் வாயிலிருந்து விசுவாச வார்த்தைகள் சரளமாக வரும். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் குரலும் கணீரென்று இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு திருவிழா அன்று என் மானத்தைக் கப்பலேற்றின. (கப்பல் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏறியது விசைப்படகு.)

நான் கமுதிப் பக்கத்து மிளகாய்க்காட்டுக்காரன். பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பெண்ணெடுத்து, அங்கேயே வேலையும் கிடைத்து, மாமனார் வீட்டு மாடியிலேயே குடியேறியவன். மீன் சாப்பிடுவதைத் தவிரக் கடலோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த வருடம் மாதா திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் என் மனைவி பிலோமியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் என்னன்னு சொல்ல முடியும்" என்றார். திருவிழா முடிந்ததும் ஆபரேஷன் என்று முடிவானது. அன்றிலிருந்து நான் பிரசங்கியாராகிவிட்டேன். அவள் மீன் கழுவும்போது ஒரு பிரசங்கம், துணி காயப்போடும்போது ஒரு பிரசங்கம்.

"விசுவாசம் இருக்கிற எடத்துல பயத்துக்கு எடமில்ல பிலோமி. என்னையப் பாரு, நான் பயப்படுறனா?" என்பேன். சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். (தொட்டி அடிக்கடி காலியாகிறது என்று மாமனார் பாவம் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.) நாளுக்கு நாள் பிலோமியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. என் பிரசங்கம் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் கடல் பவனி உண்டு. மாதா சுரூபத்தை அலங்கரித்த படகில் ஏற்றிக் கரைக்குக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி, மன்றாட்டு மாலை சொல்வார்கள். படகிலிருந்து ஒருவர் மைக்கில் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் கேட்டபடி கரையில் நிற்கும் சனம், ஒவ்வொரு பெயருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். வழக்கமாகச் சொல்கிற உபதேசியாருக்கு அந்த வருடம் தொண்டை கட்டிவிட்டது. "நான் சொல்றேன் ஃபாதர்" என்று நானே போய் நின்றேன்.

படகு ஓட்டியவன் என் மச்சினன் சூசை. "மச்சான், காத்து ஒரு மாதிரியா இருக்கு. வயித்த ரொப்பாம வாங்க" என்று சொல்லியிருந்தான். நான் இட்லியையும் ஆட்டுக்கறிக் குழம்பையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனேன்.

படகு ஓடுகிறவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜெபத்துக்காகச் சூசை இன்ஜினை நிறுத்தினான் பாருங்கள், நின்ற இடத்திலேயே படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய ஆரம்பித்தது. ஒரு கையில் கம்பி, மறு கையில் மைக் என்று பாதி வரைக்கும் ஒப்பேற்றிவிட்டேன். அப்போது "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" என்ற வரி வந்தது. சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிற வரிதான். அன்றைக்கு அதைச் சொன்னதும் பிலோமியின் கழுத்து கண்முன்னால் வந்து நின்றது. அதே நேரம் ஆட்டுக்கறிக் குழம்பும் மேலே வந்தது.

அப்படியே மாதாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். மைக்கை நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தேன், அது ஆனில்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எவனோ கரையில் நின்று எடுத்த வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த சனத்துக்கு, மன்றாட்டு மாலை முடிந்து ஊர் மாப்பிள்ளையின் புலம்பல் தொடங்கியது உறைக்கவே இல்லை.

"அம்மா, தாயே, என்னால முடியல!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"என் பிலோமிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"தைரியம் சொன்னதெல்லாம் சும்மா. அவளவிட எனக்குத்தான் பயமா இருக்கு!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"அவ இல்லாட்டி எனக்குத் துண்டு எங்கன கெடக்குன்னுகூடத் தெரியாது தாயே!"

இதற்கும் ஊர் பக்தியோடு வேண்டிக்கொண்டது. அடுத்து நான் வாந்தியெடுத்த சத்தத்துக்கும் முன்வரிசையில் சிலர் பதில் சொன்னார்கள். சூசை அப்போதுதான் விஷயம் புரிந்து, "மச்சான், மைக்கு! மைக்க அமத்துங்க!" என்று கத்தினான். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது கரை.

என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பிலோமி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"எனக்கு மட்டுந்தான் விசுவாசம் கொறஞ்சு போச்சோன்னு வாயத் தொறக்காமக் கெடந்தேன். நீங்களும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தீகளா?"

"ஆமா" என்றேன்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? ரெண்டு பேருமாச் சேந்து பயந்திருப்போம்ல."

அன்று சாயங்காலம் இருவரும் வீட்டுப் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பயமாக இருக்கிறது என்று ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அழுதோம். நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. வெகுநாளைக்குப் பிறகு இருவருக்கும் நல்ல தூக்கம் வந்தது. மறுநாள் முதல், "அன்னைக்கு நாங்களுந்தான் வேண்டிக்கிட்டோம்ல, ஒண்ணும் ஆகாது" என்று ஊர்ப் பெண்கள் உரிமையோடு வந்து சொல்லிப் போனார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வாரம் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது அவர்கள் ஜெபம்தான்.

மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பிலோமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குங்க" என்றாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வந்தது. சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். நர்ஸ் என்னை முறைத்தார். அது சாதாரணக் கட்டிதான் என்று பிறகு ரிசல்ட் வந்தது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் தனியாகப் புலம்பிவிட முடியாது. கரண்ட் போனாலும் சரி, கணக்குப் பரீட்சையில் மகள் கோட்டை விட்டாலும் சரி, அந்தப் பதில் வந்துவிடும். போன மாதம் ராமநாதபுரத்தில் டாக்டர் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூடுதலா இருக்கு சார்" என்றார். என் மனைவியும் மகளும் ஒரே குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருங்க டாக்டர், காட்டுறேன்" என்று பிலோமி பையிலிருந்து செல்போனை எடுத்தாள்.