கடைசிக்கு முந்தின இடம்

தன் வகுப்பிலேயே தான் மாணவனாகச் சேர்ந்துவிட்டோம் என்பது கணக்கு சாருக்குப் புரிந்தபோது, வெளியே வர வழியில்லாமல் போயிருந்தது.

எல்லாம் ஹெச்.எம். அம்மாவின் யோசனை. ஒன்பதாம் வகுப்புக்கு இனி இயற்கணிதம் இணையத்தில்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டார். அதற்கென்று ஒரு தளம் இருந்தது. திரையில் ஒரு தராசு. தெரியாத எண்ணுக்கு ஒரு பெட்டி, தெரிந்த எண்ணுக்கு எடைக்கற்கள். இரண்டு தட்டிலிருந்தும் சமமாக இழுத்து இழுத்து வெளியே போட வேண்டும். கடைசியில் ஒரு தட்டில் பெட்டி மட்டும் மிஞ்சினால் மணி அடிக்கும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் கூச்சப்படக் கூடாது என்பதற்காக அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. ஆளுக்கொரு பிராணி. எந்தப் பிராணி யார் என்று ஆசிரியர்கூடக் கேட்கக் கூடாது என்பது ஹெச்.எம். அம்மாவின் உத்தரவு.

கணக்கு சார் தலை நரைக்கும் வரை கரும்பலகையோடு வாழ்ந்தவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் உதவி கேட்டார். அவள் வழிமுறையையும் வகுப்பின் குறிச்சொல்லையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி வைத்தாள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்ணில் பட்ட முதல் பொத்தானை அழுத்தினார். குறிச்சொல் கேட்டது, கொடுத்தார். எந்தப் பிராணி வேண்டும் என்று கேட்டது. சிங்கம், புலி, குதிரை எல்லாம் ஏற்கெனவே போயிருந்தன. மிச்சமிருந்தவை பல்லி, நத்தை, ஆமை. இருப்பதில் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று ஆமையைத் தொட்டார்.

உடனே தராசு வந்துவிட்டது. கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் விடை நான்கு என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தளம் விடையைக் கேட்கவில்லை, இழுத்துக் காட்டச் சொன்னது. மவுஸைப் பிடித்து இழுத்தார். எடைக்கல் வழுக்கி எதிர்த்தட்டில் விழுந்தது. தராசு சாய்ந்தது. திரையில் ஒரு கரடிக்குட்டி வந்து கைதட்டி, 'பரவாயில்லை, மறுபடி முயற்சி செய்!' என்றது.

அவர் மறுபடி முயற்சி செய்தார். கரடிக்குட்டியும் மறுபடி கைதட்டியது. அவர் மவுஸை மேஜையில் தட்டிய சத்தம் கேட்டு மனைவி வாசலில் வந்து நின்று, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. கணக்கு" என்றார்.

அந்த வீட்டில் அது கதவைச் சாத்துகிற வார்த்தை. அவள் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளி அலுவலகம் ஆசிரியருக்கான பாஸ்வேர்டை முறையாகக் கொடுத்தது. இப்போது அவர் ஆசிரியராகவும் இருந்தார், ஆமையாகவும் இருந்தார். ஆமையை நீக்க ஹெச்.எம். அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் மூலையில் கிடப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்காகவே செய்யப்பட்ட தளம் அது. ஹெச்.எம். அறையில் பெரிய திரையில் எல்லாப் பிராணிகளும் வரிசையாகத் தெரிந்தன. பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே ஆமை மட்டும் சிவப்பு.

"சார், இந்த ஆமைக்கு அடிப்படையே தெரியல. ஒரு கணக்குகூட மணி அடிக்கல. நீங்க கவனிக்கலையா?"

கவனிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆமையை எப்படியாவது மஞ்சளுக்கு ஏற்றிவிட்டால் பேச்சு ஓய்ந்துவிடும் என்று அன்று மாலை உட்கார்ந்து இழுத்தார். இழுத்த ஒவ்வொன்றும் வழுக்கியது. தவறுகள் கூடக் கூட, தளம் அவரை எட்டாம் வகுப்புப் பாடத்துக்கு இறக்கியது. அங்கேயும் கரடிக்குட்டி இருந்தது.

ஹெச்.எம். அம்மா சும்மா இருக்கவில்லை. தளத்தில் 'துணை' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. கடைசியில் இருப்பவருக்கு, கடைசிக்கு முந்தின இடத்தில் இருப்பவர் துணை. இருவரும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளலாம், வேறு யாரும் படிக்க முடியாது. அவர் அதை முடுக்கிவிட்டார். ஆமைக்குத் துணையாக நத்தை வந்து சேர்ந்தது.

முதல் செய்தியே இப்படி இருந்தது: 'பயப்படாத. நானும் ஆரம்பத்துல இப்படித்தான் தடுமாறினேன். நீ மவுஸ்ல பண்றியா? போன்ல விரலால இழுத்துப் பாரு.'

கணக்கு சார் போனை எடுத்து விரலால் இழுத்தார். கல் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. மணி அடித்தது. அத்தனை வயதில் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அவரே கொஞ்சம் வெட்கத்தோடுதான் ஏற்றுக்கொண்டார்.

நன்றி என்று எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏன் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும் என்று, ஒன்றும் தெரியாத பிள்ளை கேட்பதுபோல் கேட்டு வைத்தார். நத்தை பதில் எழுதியது: 'ஒரு பக்கம் மட்டும் எடுத்தா இன்னொரு பக்கம் பாரத்துல கீழ இறங்கிடும். பாவம் இல்லையா அது?'

சமன்பாட்டைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அடுத்த நாள் வகுப்பில் அந்த வாக்கியத்தைத் தன்னுடையதுபோல் சொன்னார். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு மாலையானால் ஆமையும் நத்தையும் சேர்ந்து தராசில் விளையாடின. நத்தை மெதுவாகத்தான் போகும். ஆனால் புரியாமல் அடுத்த கணக்குக்குப் போகாது. தனக்குப் புரிந்ததும் ஆமைக்கு விளக்கும். கணக்கு சார் வேண்டுமென்றே தப்பாகச் செய்து, நத்தை திருத்துவதற்காகக் காத்திருந்தார். மனைவி ஹாலில் டிவி முன்னால் போனும் கையுமாக இருப்பாள். அவர் உள்ளே போனும் கையுமாக இருப்பார். வீடு அமைதியாக இருந்தது.

நத்தை யார் என்று கேட்கத்தான் கூடாது, யோசிக்கக் கூடாது என்று ஹெச்.எம். அம்மா சொல்லவில்லை. யோசித்தார். கடைசி பெஞ்சில் ஒரு பெண் உண்டு. வாய் திறக்க மாட்டாள், சந்தேகமே கேட்க மாட்டாள். அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அதிலிருந்து அவள் பக்கமாகத் திரும்பித் திரும்பிச் சிரித்தார். அவர் சிரித்துப் பழக்கமில்லாத வகுப்பு கலவரமடைந்தது. அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு நாள் ஆமை கேட்டது, உனக்கு வீட்டில் சொல்லித் தர யாரும் இல்லையா என்று. நத்தை எழுதியது:

'இருக்கார். கணக்குல புலி. ஒரு தடவை கேட்டேன். இதுகூடத் தெரியாதாங்கற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அதோட கேக்கறத விட்டுட்டேன். கணக்கு மட்டும் இல்ல, எதையுமே.'

கணக்கு சாருக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பெண்ணின் அப்பா ஆடிட்டர் என்பது அவருக்குத் தெரியும். மறுநாளே பள்ளிக்கு வரவழைத்தார். ஆடிட்டர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, மகள் ஃபெயிலாகிவிட்டாளோ என்ற பயத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குக் கணக்கு நல்லாத் தெரியும். சரி. அது தெரியாதவங்களை மட்டமாப் பாக்கறதுக்கா?" என்று ஆரம்பித்தார் கணக்கு சார்.

"சார், என் பொண்ணு என்கிட்ட ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லையே."

"ஏன் கேக்கலன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? ஒரே வீட்ல இருக்கீங்க. ஒண்ணாச் சாப்பிடறீங்க. பக்கத்துல இருக்கற ஜீவன் உங்களைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கிட்டிருக்கு. அதுகூடத் தெரியாம என்ன கணக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மாத்திக்கறேன் சார் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். கணக்கு சார் வாழ்நாளில் தான் ஆற்றிய மிகச் சிறந்த பேச்சு அதுதான் என்று நினைத்தார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஆடிட்டர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நல்லது. நன்றி சொல்லப் போனார், அதுவும் ஹெச்.எம். அறைக்கு. என் பொண்ணு மனசுல இருக்கறது எனக்கே தெரியல, உங்க கணக்கு சாருக்குத் தெரிஞ்சிருக்கு என்று உருகினார். ஹெச்.எம். அம்மா அவரை அனுப்பிவிட்டுக் கணக்கு சாரைக் கூப்பிட்டு விசாரித்தார். நத்தை ஆமைக்கு எழுதியிருந்தது என்று இவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். துணைகள் எழுதிக்கொள்வதை வேறு யாரும் படிக்க முடியாதே, இவருக்கு எப்படித் தெரிந்தது? கணக்கு சார் தடுமாறி, ஆமை வந்து சொன்னான் என்றார்.

"அப்ப ஆமை யாருன்னு உங்களுக்குத் தெரியும். நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை அவனையும் அவங்க அப்பா அம்மாவையும் என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. அவ்வளவு கீழ இருந்தவன் இவ்வளவு தூரம் வந்திருக்கான், நானே பாராட்டணும்."

கணக்கு சாருடைய அப்பா அம்மா இருவரும் காலமாகி வெகுநாளாகிவிட்டது.

வேறு வழி தெரியவில்லை. அந்த ஆமைப் பையனின் அப்பாவுக்கு மாற்றல், குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகிறார்கள், அவசரத்தில் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை என்று ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டார். அவர் மிகவும் வருத்தப்பட்டு, ஆமையை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நீக்குவதற்கு முன் நத்தையிடம் சொல்லாமல் போக அவருக்கு மனம் வரவில்லை. 'எங்க அப்பாவுக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. இனிமே வர முடியாது' என்று எழுதினார். பொய்தான். ஆனால் மூன்று முறை அழித்து எழுதிய பிறகுதான் அனுப்பினார்.

நத்தையின் பதில் வந்தது:

'போற இடத்துல சந்தேகம் கேக்கக் கூச்சப்படாத. நீ கேட்டதாலதான் நான் கத்துக்கிட்டேன். இதுவரைக்கும் என்கிட்ட யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. நல்லா இரு.'

அதோடு நத்தையும் வரவில்லை. ஆசிரியர் பக்கத்தில் போய்த் தினம் பார்த்தார். நத்தை உள்ளே வந்தால் எரியும் விளக்கு அணைந்தே கிடந்தது. பாதிக் கணக்கில் ஒரு பெட்டியும் இரண்டு கற்களும் அப்படியே நின்றன.

பொறுக்க முடியாமல், வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்ச் பெண்ணை நிறுத்தினார். ஆமை போனதற்காக மனதை விட்டுவிடக் கூடாது, நத்தை திரும்ப வர வேண்டும் என்று சொன்னார்.

"சார், நான் நத்தை இல்ல. புலி."

புலி ஆரம்பத்திலிருந்தே முதலிடத்தில் இருக்கும் பிராணி.

"சந்தேகம் எதுவும் இல்லன்னுதான் சார் நான் கேக்கறதில்ல. இப்ப எங்கப்பா தினமும் பக்கத்துல உக்காந்து, சந்தேகம் கேளும்மா, கேளும்மான்னு அழறார். அவருக்காக ரெண்டு சந்தேகம் தயார் பண்ணி வெச்சிருக்கேன்" என்றாள். போகலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

காலி வகுப்பில் கணக்கு சார் நின்றுகொண்டிருந்தார். புலி இவள் என்றால் நத்தை யார்? ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். ஒவ்வொரு பெஞ்சிலும், எப்போதோ ஒரு முறை கையைத் தூக்கி, அவர் பார்த்த பார்வையில் கையை இறக்கிய ஒரு முகம் நினைவுக்கு வந்தது. இத்தனை முகங்கள் நினைவுக்கு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆடிட்டரிடம் சொன்னதையெல்லாம் தனக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த நாளிலிருந்து, யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம் என்று வகுப்பில் கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஒரு கைகூட எழவில்லை. இது ஏதோ புதுவிதத் தேர்வு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மனைவி பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சாப்பாட்டில் உப்பே இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. யாரிடமாவது நத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் இவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? தராசிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சமன்பாடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் யார் போவது என்று பேசாமல் கையைக் கழுவினார்.

மகள் போன் செய்தாள். வழக்கம்போல் முதலில் அம்மாவிடம் பேசினாள், பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். மனைவி போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, அம்மாவுக்கு என்னாச்சு? ஏன் அழறேன்னு கேட்டா, யாரோ ஆமை ஊரைவிட்டுப் போயிட்டான்னு சொல்றாங்க."