ரெண்டு கொக்கி, ரெண்டு டம்ளர்

இந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு ஆளையாவது சேற்றிலிருந்து இழுத்துப் போடாமல் விடுவதில்லை என்று லிஃப்ட் சார் சபதம் எடுத்துவிட்டார்.

லிஃப்ட் சார் என்பது பெயரல்ல, பிழைப்பு. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவன் நடுமாடியில் மாட்டிக்கொண்டாலும் இவருக்குத்தான் போன். சோற்றில் கை வைத்திருப்பார், மணி அடிக்கும். "ஒரு வேளை நிம்மதியா சாப்பிட விடறானுங்களா?" என்று அலுத்துக்கொண்டே, முகமெல்லாம் பல்லாக ஓடுவார். கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் சாமியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு மனுஷர் அடிமை.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆயிற்று. போன் அடிப்பதே இல்லை. மகனும் மகளும் ஆளுக்கொரு ஊரில். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. காலையில் தன் சின்னக் காரில் கிளம்பினால் சாயந்திரம்தான் திரும்புவாள். ஏழு பேர் உட்காரும் எஸ்யூவியில் சார் ஒண்டி ஆளாகப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வருவார். பக்கத்து சீட்டில் பால் உட்கார்ந்து வரும். சில நாள் அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிடுவார். சிரிக்காதீர்கள், பாவம்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. "சர்வீஸுக்கு விடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், வண்டியின் முன்பக்கம் சிவப்பாக ரெண்டு இழுவைக் கொக்கியும் மஞ்சளாக ரெண்டு ஃபாக் லைட்டும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"எது?"

"மூஞ்சியில ரெண்டு கொக்கி தொங்குதே, அது."

"அதுவா... சர்வீஸ்ல அவங்களே மாட்டி விட்டாங்க."

"கேக்காமலேயா?"

"பழைய கஸ்டமர் இல்லையா!"

"லைட்டு?"

"பனிமூட்டம் வந்தா?"

"நம்ம ஊர்ல பனிமூட்டம் எப்பங்க வந்துச்சு?"

"வராதுன்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"சரி, கொக்கி எதுக்கு?"

"யாராவது மாட்டிக்கிட்டா இழுத்து விட."

"மாட்டிக்கிட்டவ முப்பது வருஷமா இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கா. அவளை இழுக்கத்தான் ஆளைக் காணோம்."

சார் அசடு வழிந்தார். "ஏறேன், ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"அவ்வளவு உயரம் நம்மளால ஆகாது. லிஃப்ட் வெச்சுக் குடுங்க, வரேன்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். சார் தனியாகவே ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார்.

மூன்று வாரம் மழை கொட்டித் தீர்த்தது. தினமும் ஏரிக்கரை மண்ரோட்டுக்குப் போய், ஃபாக் லைட்டைப் போட்டுக்கொண்டு காத்துக் கிடந்தார். ஒரு பயல் மாட்டவில்லை. லாரி தாண்டியது. ஸ்கூட்டர் தாண்டியது. ஒரு பெரியவர் சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டே தாண்டினார். ஒருநாள் ஒரு வேன் நின்றது. சார் கயிற்றோடு குதித்து இறங்கினார்.

"என்ன சார், வண்டி மாட்டிக்கிச்சா? தள்ளி விடவா?" என்றார் வேன்காரர்.

அன்றைக்கு சாருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி நம்மால் யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து நனைந்த கயிற்றைக் கொடியில் காயப்போட்டார்.

"எங்க போயிருந்தீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா."

அவள் கயிற்றைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னங்க, ஏரிக்கரை ரோட்டுல கார் சேத்துல மாட்டிக்கிச்சு."

"பதறாதே! கதவைத் திறக்காதே! பட்டன் எதையும் அமுக்காதே! அஞ்சே நிமிஷம்!"

நாலாவது நிமிஷம் அங்கே இருந்தார். சின்னக் காரின் மூக்கு சேற்றுக்குள் இருந்தது. இவர் கொக்கியோ வண்டியின் முன்பக்கம். ஆகவே பின்னாலிருந்து கயிறு கட்டி, ரிவர்ஸில்தான் இழுக்க வேண்டும். கட்டினார். ஏறினார். மிதித்தார். எஸ்யூவி உறுமியது, சின்னக் கார் இம்மி அசையவில்லை. அதன் பின்னால் சிவப்பு விளக்கு ரெண்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. மறுபடி மிதித்தார். ஊஹும். சாருக்கு வேர்த்து விறுவிறுத்துவிட்டது, ஆனால் எட்டு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. மூன்றாவது தடவை சிவப்பு விளக்கு அணைந்தது. கார் சமர்த்தாக வெளியே வந்தது.

மழை வலுத்தது. மனைவி பிளாஸ்க்கும் கையுமாக ஓடி வந்து, ஒரே எம்பில் எஸ்யூவியில் ஏறி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பையிலிருந்து டம்ளர் எடுத்தாள். ரெண்டு டம்ளர்.

"ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை?"

"சும்மா."

டீயை ஊற்றி நீட்டினாள். சார் வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியா? எதுக்குக் கொக்கின்னு கேட்டியே! இன்னைக்கு அது மட்டும் இல்லைன்னா நீ என்ன பண்ணியிருப்பே, சொல்லு!"

"என்ன பண்ணியிருப்பேன்? பிரேக்லேருந்து காலை எடுத்து, ரிவர்ஸ் போட்டு நானே வந்திருப்பேன். டீ ஆறுது, குடிங்க."