தெருவிளக்கு அலுவலகத்தின் பரம ரகசியம்

உலகப் போர்களை வென்றவை பீரங்கிகள் என்று சரித்திரப் புத்தகங்கள் சாதிக்கின்றன. சுத்தப் பொய். வென்றவை ஒரு நீளக் கோட்டும், ஒரு தொப்பியும், ரயில் நிலையத்தில் செய்தித்தாளின் ஓட்டை வழியே பார்த்த இரண்டு கண்களும்தான். பழைய கறுப்பு வெள்ளை ஒற்றர் படங்களை ஊன்றிப் பார்த்தவர்களுக்கே இந்த உண்மை தெரியும். அவர்களில் தலையாயவர், நகரத் தெருவிளக்கு அலுவலகத்தின் தலைமை எழுத்தர்.

ஞாயிறு தவறாமல் பார்ப்பார். படத்தில் எப்போதும் போர் நடக்கும், எப்போதும் மழை பெய்யும், பெட்டகத்திலிருந்து ஒரு வரைபடம் எப்போதும் காணாமல் போகும். கடைசியில் துப்பறிவாளர் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவரை நோக்கி விரலை நீட்டுவார். தலைமை எழுத்தரும் நீட்டுவார். அவர் எதிரில் இருப்பது மனைவி மட்டும்.

"என்னை எதுக்குங்க காட்டுறீங்க?"

"ஒரு பழக்கத்துக்கு."

இப்பேர்ப்பட்ட மேதைக்கு நாட்டுப்பணி ஆற்றும் வாய்ப்பு ஒரு சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. 'ஒவ்வோர் அலுவலகமும் தன் ரகசியங்களைப் பட்டியலிட்டு, உரிய முறையில் பாதுகாக்க வேண்டியது.' போர் எதுவும் அப்போது நடக்கவில்லை. அதையெல்லாம் பார்த்தால் பாதுகாப்பு என்னாவது?

அதிகாரி கூட்டம் போட்டார். "நம்மகிட்ட என்ன ரகசியம் இருக்கு?"

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அலுவலகத்தின் 'ஆழ்ந்த ஆலோசனை' என்பது இதுதான். தட்டச்சு அம்மா மெல்ல வாயைத் திறந்தார். "வளைவுத் தெருவுக்கு விளக்கு எப்ப வரும்னு யாருக்குமே தெரியாது சார். ஆறு வருஷமா நமக்கே தெரியல."

"நமக்கே தெரியாதா? அப்போ அதுதான் பெரிய ரகசியம்!"

வளைவுத் தெருக் கோப்பின் மேல் 'பரம ரகசியம்' என்று சிவப்பு முத்திரை விழுந்தது. உள்ளே ஒரு மனுவும், ஒரு கம்பத்தின் படமும், கம்பத்தைத் தலைகீழாக நட்டுவிடாமலிருக்க 'மேல்' என்று ஓர் அம்புக்குறியும், விளக்கைப் போட்டு அணைக்கும் முறை பற்றி ஒரு குறிப்பும் இருந்தன. அதைத் தலைமை எழுத்தர் தம் பின்னாலிருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். அதை யாரும் படிக்கக்கூடாது என்று ஆணை பிறந்தது. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியும் யாரோ ஒருவர்தானே, அவரும் படிக்கவில்லை.

செவ்வாய்தோறும் ஒரு தையல்காரம்மா வருவார். வளைவுத் தெருத் திருப்பத்தில் கடை. அந்த இருட்டில் அவர் கணவர் இரண்டு முறை விழுந்து, இரண்டாம் முறை காலை ஒடித்துக்கொண்டவர். விளக்கு கேட்டு மனுக் கொடுத்ததே இந்த அம்மாதான்.

"சார், என் மனு என்னாச்சு?"

"அது ரகசியம்மா."

"நான் எழுதின மனு எனக்கே ரகசியமா?"

"உங்களுக்குத்தான் முக்கியமா ரகசியம். விஷயம் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்."

இதைவிடத் தெளிவாக ஓர் அரசு அலுவலகம் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

அடுத்த புதன்கிழமை காலை பீரோவைத் திறந்தால், கோப்பைக் காணோம்.

தலைமை எழுத்தரின் கண்களில் நீர் நிறைந்தது. ஆனந்தக் கண்ணீர். இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகள் வீண்போகவில்லை! உடனே தட்டச்சு அம்மாவை விசாரித்தார்.

"நேத்து பதினொரு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"என் சீட்ல."

"பார்த்த சாட்சி?"

"சீட்ல வேற யாராவது இருந்தாதானே சார் பார்க்கிறதுக்கு?"

பதில் சந்தேகத்துக்குரியதாகவும், சரியாகவும் இருந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டார். பிறகு பீரோவின் அடித்தட்டில் ஒரு துண்டுச் சீட்டு அகப்பட்டது. அதில் 'நீ 48, மா 38, வ 43, தோ 18, கை 24' என்று இருந்தது.

சங்கேத மொழி! கதவைச் சாத்திக்கொண்டு மாலை வரை உடைத்தார். நீர்மூழ்கிக் கப்பல்கள் நாற்பத்தெட்டு. மாலுமிகள் முப்பத்தெட்டு. அதாவது பத்துக் கப்பல்கள் ஆளில்லாமல் போகும். எதிரியிடம் என்ன தொழில்நுட்பமோ! வண்டிகள் நாற்பத்து மூன்று. தோட்டாக்கள் பதினெட்டு. கையெறி குண்டுகள் இருபத்து நாலு. தோட்டாதான் கொஞ்சம் குறைவு. சீட்டோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் நீட்டினார்.

"யாருகிட்டயும் சொல்லிடாத. படையெடுப்பு வருது."

மனைவி வாங்கிப் பார்த்தார். "இது கோட்டு அளவுங்க. நீளம், மார்பு, வயிறு, தோள், கை. ஒரு நீளக் கோட்டு வேணும்னு உசிரை வாங்கினீங்களே, உங்க பழைய சட்டையைக் கொடுத்து அளவெடுக்கச் சொன்னேன். வயிறு நாற்பத்து மூணுன்னா உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"யாருகிட்ட கொடுத்த?"

"வளைவுத் தெருத் திருப்பத்துல கடை வச்சிருக்காங்களே, அந்தம்மாகிட்ட."

மறுநாள் நண்பகலில் அவர் எதிரியின் கோட்டைக்குள் தனியாக நுழைந்தார். தையல்காரம்மா எழுந்தார். "வாங்க சார், கோட்டு முடிஞ்ச மாதிரிதான். கையை நீட்டுங்க."

பழக்கதோஷத்தில் நீட்டிவிட்டார். கைகள் குண்டூசி குத்திய கோட்டுக்குள் மாட்டிக்கொண்டன. அந்த நிலையிலேயே விசாரணை நடந்தது.

"கோப்பு எங்கம்மா?"

"நான்தான் எடுத்தேன் சார். செவ்வாய்க்கிழமை வந்தப்ப நீங்க மேஜையில தலையை வச்சு யோசனை பண்ணிட்டிருந்தீங்க. லேசா குறட்டைகூட வந்துச்சு. சாவி பீரோவுலயே தொங்குச்சு. என் மனுவைத்தானே எடுக்கிறோம்னு எடுத்தேன், கையில இருந்த அளவுச் சீட்டு அப்பதான் விழுந்திருக்கணும். நேரா கம்பக் கிடங்குக்குப் போனேன்."

"அங்க படிச்சுட்டாங்களா?"

"எப்படிப் படிப்பாங்க? 'பரம ரகசியம்'னு இருக்கே! கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. கரண்டு ஆபீஸ்லயும் அப்படியே. நேத்தே நட்டுட்டாங்க. ஆறு வருஷமா நகராத காகிதம் சார், அந்தச் சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் ஓடுச்சு."

வெளியே பார்த்தார். திருப்பத்தில் புத்தம் புதுக் கம்பம். பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. எப்படி அணைப்பது என்ற குறிப்பு கோப்புக்குள் இருந்ததாம், அதைப் படிக்க அனுமதி இல்லையாம்.

தையல்காரம்மாவின் கணவர் ஊன்றுகோலோடு அதனடியில் நின்று, கம்பத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு எட்டு சும்மா நடந்து பார்த்தார். விழவில்லை.

தலைமை எழுத்தர் தாம் பார்த்த படங்களையெல்லாம் மனதுக்குள் ஓட்டினார். ரகசியம் வெளியே போனால் கப்பல் மூழ்கும், பாலம் தகரும், நகரம் எரியும். ஒரு படத்திலாவது விளக்கு எரிந்ததா? 'உங்களைக் கைது செய்கிறேன்' என்ற வசனம் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"தோள் பட்டை கொஞ்சம் இறுக்குதும்மா," என்றார்.

"பிரிச்சு விட்டுர்றேன் சார்."

மறுநாள் அதிகாரி அறையில் கூட்டம். "ஒற்றன் அகப்பட்டானா?"

"தப்பிச்சுட்டான் சார். ஆனா சேதம் எதுவும் இல்ல. ஒரு விளக்கு போட்டிருக்கான், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அதுதானே சேதம்!" அதிகாரி நாற்காலியிலிருந்து துள்ளினார். "மத்த தெருக்காரங்களும் கேட்க ஆரம்பிச்சுட்டா நம்ம நிலைமை என்ன?"

அறிக்கை மேலிடத்துக்குப் போனது. கோப்பு ஆறு ஆண்டுகள் அசையாமல் கிடந்தது என்ற வரியைப் படித்து மேலிடம் அதிர்ந்தது. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பார்க்கிறவர்கள் இருந்தார்கள் போலும். பதில் தந்தி வேகத்தில் வந்தது. 'ஒரு தெருவை ஆறு ஆண்டுகள் இருளில் வைத்திருப்பது தற்செயல் அன்று, திட்டமிட்ட நாசவேலை. இதில் ஈடுபட்ட அந்நியக் கையாட்கள் அனைவரின் பெயர்களையும், பதவியோடு, மூன்று பிரதிகளில் உடனே அனுப்பவும்.'

அதிகாரி கடிதத்தை அப்படியே தலைமை எழுத்தரிடம் தள்ளிவிட்டார். அவர் இரண்டு நாள் யோசித்தார், இம்முறை குறட்டை இல்லாமல். மூன்றாம் நாள், அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்து, முதல் வரியில் அதிகாரியின் பெயரும் இரண்டாம் வரியில் தம் பெயரும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, மூன்று பிரதி எடுத்து அனுப்பிவைத்தார்.