கண்ணில் படாத குழல்

இந்த வருஷம் பன்றித்தொடை என் வீட்டு மேஜைக்கு வந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்த கையோடு என் டயர் கடை மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். காபி கவிழ்ந்து என் மடியைக் குளிப்பாட்டியது. போகட்டும். முடிவு என்றால் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் நவம்பர் மாதம் ஒரு கைத்துப்பாக்கிப் போட்டி. கடையில் வாங்கிய குண்டு செல்லாது. அவரவர் கையால் ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்த குண்டாக இருக்க வேண்டும். ஜெயித்தவருக்குப் புகையில் வாட்டிய முழுப் பன்றித்தொடை. எங்கள் குடும்பத்தில் அதற்கு மேலும் ஒரு சட்டம் உண்டு. தொடை எந்த வீட்டுக்குப் போகிறதோ அங்கேதான் நன்றித் திருநாள் விருந்து. ஜெயித்தவர் கையில்தான் கத்தி.

அந்தக் கத்தி பல வருஷமாக என் மச்சான் வெண்டல் கையில் இருக்கிறது. என் மனைவி லொரீனின் அண்ணன். கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

"மாப்ள, உனக்கு ஓரத்துத் துண்டுதானே பிடிக்கும்?"

எனக்குப் பிடிக்காது. எலும்பும் தோலும் எவனுக்குப் பிடிக்கும்? ஆனால் மேஜை முழுக்க அவன் சொந்தங்கள். நான் மென்று விழுங்குவேன். தோலை அல்ல, கோபத்தை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வெர்லின் ஸ்ட்ராட். பள்ளிக்கூடத்தைவிடப் பஞ்சர் கடையில் அதிகம் உதை வாங்கி வளர்ந்தவன். மிசௌரி மாநிலத்தின் இந்தப் பக்கத்தில் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுகிறவன் ஒருத்தன் இருந்தால் அவனை நான் இன்னும் சந்திக்கவில்லை. நான் பேரம் பேசாமல் ஏற்றுக்கொண்டது என் பெயர் ஒன்றைத்தான். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

டயர் கடைக்காரனுக்கு ஈயத்துக்குப் பஞ்சமில்லை. சக்கரத்தின் எடையைச் சரிக்கட்ட அடிக்கிற ஈயத்துண்டுகள் பழைய வண்டிகளிலிருந்து வாளி வாளியாக விழும். ஆகக் குண்டு பிரச்சினை இல்லை. பிரச்சினை குழல்.

என் பிஸ்டலோடு கம்பெனி கொடுத்த குழலின் உட்புறம் வழவழவென்று உருண்டையாக இருக்கும். அதில் வெறும் ஈயக் குண்டைச் சுட்டால் ஈயம் தேய்ந்து உள்சுவரில் அப்பிக்கொள்ளும். முதல் சில குண்டுகள் சொன்ன இடத்துக்குப் போகும். அப்புறம் அவை பாட்டுக்கு ஊர் சுற்றக் கிளம்பிவிடும். சுட்டது போதாதென்று அப்புறம் உட்கார்ந்து மணிக்கணக்கில் சுரண்ட வேண்டும். இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரியும். வேறு கம்பெனிக் குழல் ஒன்று வாங்க வேண்டும். உள்ளே கூர்மையாக வரி வெட்டிய குழல். டயர் மாற்றுவதைவிடச் சுலபமாக மாற்றிவிடலாம்.

தடை ஒன்றே ஒன்று. அதன் பெயர் லொரீன்.

எங்கள் சமையலறை அடுப்பில் இரண்டு பர்னர் செத்துவிட்டன. "புது அடுப்பு வர்ற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள துப்பாக்கிச் சாமான் ஒரு திருகாணிகூட வரக்கூடாது" என்று லொரீன் உத்தரவு போட்டிருந்தாள்.

எங்கள் ஊர் ஆண்கள் இந்த மாதிரி உத்தரவுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருக்கிறோம். புதுத் துப்பாக்கியோடு மாட்டிக்கொண்டால், "இதுவா? இது ரொம்ப நாளா நம்மகிட்ட இருக்கே!" என்று சொல்லிவிட வேண்டும். லொரீனிடம் இது செல்லாது. அலமாரியில் எது எங்கே இருக்கிறதென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். குழல் துப்பாக்கிக்கு உள்ளே இருக்கிற சாமான்! பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை. மறுநாள் போட்டி. நான் ஒன்றும் தெரியாதவன் முகத்தோடு சமையலறைக்குள் போனேன். மேஜையில் லொரீனின் தையல் கூடை, பக்கத்தில் ஒரு ஜாம் பாட்டில். உள்ளே ரோஜா நிறத்தில் உருண்டை உருண்டையாக ஏதோ மினுமினுத்தது.

"என்ன லொரீன், புதுசா பொத்தான் வாங்கிருக்கியா?"

"ஆமா."

"நல்ல பளபளப்பு. யாருக்குச் சட்டை தைக்கப் போற?"

"யாருக்கு அளவு சரியா இருக்கோ அவங்களுக்கு. நீ எங்க கிளம்பிட்ட?"

"சும்மா, பொருட்காட்சித் திடல் பக்கம். இன்னைக்குத் துப்பாக்கிச் சந்தை. வேடிக்கை பார்த்துட்டு வந்துடறேன்."

"வேடிக்கைக்கு எதுக்குப் பணப்பை?"

"காபி குடிக்க வேண்டாமா?"

"குடி, குடி. மடியில கொட்டிக்காம குடி."

அது எப்படி அவளுக்குத் தெரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சந்தையில் நேராக ஓப்பல் அக்காவின் மேஜைக்குப் போனேன். கணவர் போன பிறகு அவர் சேர்த்து வைத்திருந்த துப்பாக்கிச் சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருப்பவர். ஊர்க்காரர்கள் கொடுக்கிற பழைய சாமானையும் விற்றுத் தருவார். தனி மனுஷி, இளகிய மனசு. பேரம் பேசுகிறவனுக்கு இதைவிட நல்ல மேஜை கிடைக்குமா?

என் பிஸ்டலுக்குப் பொருந்துகிற குழல் மூன்று இருந்தன.

ஒன்று நீளம். முனை வெளியே மூக்கு நீட்டும். லொரீன் கண்ணில் பட்டால் என் மூக்கு போய்விடும். தள்ளிவிட்டேன்.

இன்னொன்று வெள்ளி போலப் பளபளத்தது.

"இத எடு வெர்லின்" என்றார் ஓப்பல் அக்கா. "என் வீட்டுக்காரரோடது. தோட்டா உட்கார்ற இடம் தாராளமா இருக்கும். எந்தக் குண்டானாலும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கும்."

எடுத்துப் பார்த்தேன். நல்ல குழல்தான். ஆனால் காலித் தோட்டா தெறித்து வெளியே வருவதற்குப் பிஸ்டல் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் இருக்கிறதே! அது வழியாகக் குழலின் முதுகு தெரியும். பழைய குழல் கறுப்பு. இது உள்ளே உட்கார்ந்தால் ஜன்னலில் விளக்குப் போட்ட மாதிரி மின்னும். லொரீன் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

மூன்றாவது குழல் கறுப்பு. அச்சு அசல் பழைய குழல் மாதிரியே. என் கை தானாக அதன் மேல் போய் உட்கார்ந்தது.

"அதுவா?" ஓப்பல் அக்கா இழுத்தார். "அது ஒருத்தி வாங்கிட்டு வேண்டாம்னு விட்டது. உள்ளே ரொம்ப இறுக்கம். உன் தோட்டா ஒண்ணைக் கொண்டாந்து போட்டுப் பாத்துடு. டொக்குனு விழணும், கவுத்தா தானா வெளிய வரணும்."

"அக்கா, நான் என்ன பால்குடி மறக்காத பிள்ளையா? விலையச் சொல்லுங்க."

"நூத்தி எண்பது டாலர்."

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "எழுபது."

"எழுபதா! அதுக்கு இந்த டப்பாவைத் தரட்டுமா?"

"யாரோ ஒருத்தி வேண்டாம்னு விட்ட குழல். அந்த அம்மாவுக்கே பிடிக்கலையே!"

"அவளுக்கு அதைவிட நல்ல வழி கிடைச்சிடுச்சு. நூத்தி எழுபது."

நான் கத்தினேன். கெஞ்சினேன். இரண்டு முறை கோபித்துக்கொண்டு வாசல்வரை போனேன். இரண்டு முறையும் யாரும் கூப்பிடாததால் நானே திரும்பி வந்தேன். கடைசியில் நூற்று நாற்பதுக்கு முடித்தேன். குழல் துடைக்கிற பிரஷ் ஒன்றையும் சும்மா பிடுங்கினேன். ஓப்பல் அக்கா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தனி மனுஷியை அழ வைத்துவிட்டோமே என்று எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"வீட்ல சொல்லிடாதீங்க அக்கா."

"நானா சொல்லமாட்டேன்ப்பா" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

மாலையில் காலிப் பிஸ்டலைத் துண்டில் சுற்றிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். பழையதைக் கழற்றினேன். டக். புதியதை மாட்டினேன். டக், டக்.

"வெர்லின்! உள்ள என்ன சத்தம்?"

"பெல்ட்!"

"ஒரு பெல்ட்டை எத்தனை தடவ கழட்டுவ?"

"பக்கிள் சரியில்ல!"

"உனக்கு எதுதான் ஒழுங்கா பொருந்துது? சீக்கிரம் வா, சாப்பாடு ஆறுது."

தோட்டாக்களோ வண்டியில். டொக்கென்று விழுகிறதா என்று பார்ப்பது எப்படி? வண்டிக்குப் போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தேவையில்லை என்று விட்டுவிட்டேன். பழைய குழல் என் குண்டுகளை ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. புதியது மட்டும் என்ன மகாராணியா?

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லோரும் மைதானத்துக்கு வந்தார்கள். வெண்டல் முதலில் சுட்டான். நன்றாகவே சுட்டான், பாவி. இலக்குத் தாளைச் சுருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"மாப்ள, கத்தியைத் தீட்டக் கொடுத்திருக்கேன்."

"நல்லதாப் போச்சு மச்சான். கூர்மையா என் வீட்டுக்கு அனுப்பு."

என் முறை வந்தது. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். முதல் தோட்டாவை ஏற்றினேன். பிஸ்டலின் மேல்பகுதி முன்னே வந்தது. ஒரு அரிசி அளவுக்கு இடைவெளி விட்டு நின்றுவிட்டது. விசையை அழுத்தினேன். சும்மா இருந்தது. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். கொஞ்சம் பலமாகத் தட்டினேன். குண்டு பருமன், குழல் இறுக்கம். தோட்டா உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மாமியார் வீட்டுச் சோபாவில் நான் உட்கார்ந்திருப்பதைப் போல அப்படியே உட்கார்ந்திருந்தது.

"வெர்லின்! கையை எடு! முனையைக் கீழே வை!" என்று நடுவர் ராய்ஸ் கத்தினார். அவர் வந்து, இழுத்து, முனகி, வியர்த்து, ஒருவழியாகத் தோட்டாவை வெளியே எடுத்தார். அடுத்ததும் அதே கதை. அதற்கடுத்ததும். "நேரம் முடிஞ்சுது. ஒதுங்குப்பா" என்றார்.

வெண்டல் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பண்ணை மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"அடுத்தது" என்றார் ராய்ஸ், "லொரீன் ஸ்ட்ராட்."

நான் திரும்பினேன். லொரீன் தன் பிஸ்டலை எடுத்துக்கொண்டு போனாள். என்னுடையதைப் போலவே ஒன்று, நான்தான் ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். தோட்டாப் பெட்டியைத் திறந்தாள். வரிசையாக ரோஜா நிற மூக்குகள்.

பொத்தான்கள்!

அவள் அவசரப்படவில்லை. மாவு பிசைகிற நிதானத்தோடு சுட்டாள். தாள் வந்தது. அத்தனை ஓட்டைகளையும் ஒரு பிஸ்கட்டை வைத்து மூடிவிடலாம். சுற்றி வெண்ணெய் தடவவும் இடம் இருந்தது.

வெண்டல் குதித்தான். "இது செல்லாது! சாயம் பூசின குண்டு!"

"யாரும்மா வார்த்தது?" என்று கேட்டார் ராய்ஸ்.

"நான்தான். எங்க கடை வாளியில எடுத்த ஈயம்."

"அப்ப செல்லும். ஈயம் உன் கையால வார்த்ததா இருக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. அம்மணமா வரணும்னு சொல்லல."

திரும்பி வரும்போது வண்டியின் முன்சீட்டில் மூன்று பேர். நான், லொரீன், நடுவில் பன்றித்தொடை. தொடைக்கு லொரீன் சீட்டு பெல்ட் மாட்டியிருந்தாள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தச் சாயம்..."

"பவுடர். ஈயத்து மேல தூவி, ஓவன்ல வச்சா உருகிக் கெட்டியா ஒட்டிக்கும். அப்புறம் ஈயம் குழலைத் தொடவே தொடாது. கம்பெனிக் குழலே போதும்."

"ஓவனா! நாம சாப்பிடற..."

"கத்தாத. வீட்டுக்குப் பின்னால என் தையல் கொட்டகையில தனியா ஒரு சின்ன ஓவன் வச்சிருக்கேன். நீதான் அந்தப் பக்கமே வரமாட்டியே, ஊசி எடுத்துத் தரச் சொல்லிடுவேன்னு."

"எப்போலேர்ந்து?"

"போன குளிர்காலத்துலேர்ந்து. முதல்ல நானும் உன்ன மாதிரித்தான் ஒரு குழல் வாங்கினேன். ரொம்ப இறுக்கம். ஒவ்வொரு குண்டையும் இளைக்க வைக்க வேண்டியிருந்தது. வேண்டாம்னு ஓப்பல்கிட்ட கொடுத்துட்டேன், விக்கச் சொல்லி." ஜன்னல் பக்கம் பார்த்தபடி சேர்த்துக்கொண்டாள். "கறுப்புக் குழல்."

வண்டி கொஞ்சம் சாலையை விட்டு இறங்கி ஏறியது. தொடை மட்டும் அசையவில்லை.

"அப்ப... அந்த ஒருத்தி..."

"நான்தான். நீ முடிவு பண்ணி மேஜையைக் குத்தினது பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டுச்சாம். நீ சந்தைக்குத்தான் போவன்னு தெரியும். வெள்ளைக் குழலையும் கறுப்பையும் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொன்னேன். வெள்ளை உன் குண்டுக்கு அளவெடுத்த மாதிரி. குண்டுக்குன்னு வாங்கியிருந்தா அதைத்தான் எடுத்திருப்ப. என் கண்ணுல படக்கூடாதுன்னு வாங்கின. அதான் கறுப்பு."

எனக்கு முகம் சிவந்தது. காது சிவந்தது. பவுடர் இல்லாமலேயே நான் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டேன்.

"அந்த நூத்தி நாப்பதும்..."

"புது அடுப்புக்கு முன்பணம். அடுப்புக் கடைக்காரன் நாளைக்குக் கொண்டாந்து போட்டுடுவான். விருந்து நம்ம வீட்ல, கத்தி என் கையில. உனக்கு ஓரத்துத் துண்டுதானே பிடிக்கும்?"

போனதெல்லாம் போகட்டும். ஒரு மனிதனுக்கு ஒன்றாவது மிஞ்ச வேண்டும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா ஒண்ணு சொல்றேன் லொரீன். ஓப்பல் அக்கா சொன்ன விலை நூத்தி எண்பது. நான் பேசின பேச்சுல நாப்பது டாலர் இறங்கினாங்க. கைக்குட்டையை மூஞ்சியில வச்சுக்கிட்டு அழுதுட்டாங்க, பாவம்!"

லொரீன் தொடையின் பெல்ட்டைச் சரிசெய்தாள்.

"அது அழுகை இல்ல வெர்லின். நான் அவள தொண்ணூறுக்கே விட்டுடச் சொல்லியிருந்தேன்."