கறிவேப்பிலைக் கன்று ஒன்று அனுப்பி வைக்கவும்

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை காலை

விவசாயத் திலகம், செடிகொடிகளின் காவலர், என் மைத்துனர் திரு. பக்தவச்சலம் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் அக்காள் கணவன் சிவஞானம் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உப்பு நலம். தாங்கள் கொடுத்த விதைகள் யாவும் இறைவனடி சேர்ந்தன. அங்கே தங்கள் இல்லத்தாரும், கத்தரி, வெண்டை, புடலை வகையறாக்களும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இருக்காமல் என்ன, கிளியனூர் மண்ணில் செருப்பை நட்டாலும் துளிர்க்கும் என்று ஒவ்வொரு விசேஷத்திலும் தாங்கள் சொல்லிக் கேட்டவன்தானே நான்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். போன் செய்து பார்த்தேன். அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தங்கள் அக்காள் திரௌபதி எடுத்து, என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள். சரி, உங்கள் நம்பருக்கு அடிப்போம் என்று அடித்தேன். அதையும் அவளே எடுத்து, அதுவும் ராங் நம்பர் என்றாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் ராங் நம்பர்! ஊரில் அவ்வளவு பெரிய விவசாயி, சொந்த போனைக்கூட அக்காவிடம் பறிகொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். அதனால்தான் தபாலாபீஸைத் தேட வேண்டியதாயிற்று.

நடந்ததற்கெல்லாம் மூலகாரணம் தங்கள் திருவாய். நான் உப்பளத்தை மருமகன் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சும்மா இருக்கக் கூடாதே என்று சமையலுக்கு நாலு யோசனை சொன்னேன். குழம்பில் எப்போது உப்புப் போடுவது என்று உப்பளக்காரன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? திரௌபதி அதை உங்கள் வீட்டுக் காதுகுத்தில் எல்லார் எதிரிலும் சொல்லி அழுதாள். உடனே நீ இலையில் கையை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாய்: "மாமா, சும்மா உக்காந்துகினு அக்கா உயிர வாங்காதீங்க. ஒரு தோட்டம் போடுங்க. ரொம்ப ஈஸி. மண்ண ரெடி பண்ணணும், வெதைய போடணும், தண்ணி ஊத்தணும். அவ்ளோதான்." அவ்வளவேதான். எந்த மண், எந்தத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததா? ஒரு பை நிறைய விதையைக் கொடுத்து பஸ் ஏற்றி விட்டுவிட்டு, வெற்றிலை போடப் போய்விட்டாய்.

மண்ணை ரெடி பண்ணுவது எனக்கா தெரியாது? ஆயுசெல்லாம் அதைத்தானே பண்ணினேன். அளத்தில் என்னோடு வேலை பார்த்த மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டேன். இருவரும் கொல்லையில் இருந்த புல்பூண்டைச் செதுக்கி, பலகை போட்டு மட்டம் பார்த்து, தண்ணீர் தெளித்து, காலையிலும் சாயங்காலமும் மிதி மிதி என்று மிதித்தோம். "கொத்தி விடணும்ங்க, மெதிக்கக் கூடாது. எங்க ஊர்ல..." என்று உன் அக்கா ஆரம்பித்தாள். "உங்க ஊர்க் கதையெல்லாம் இங்க வேணாம்" என்று அடக்கிவிட்டேன். முடிந்ததும் மண்ணாங்கட்டி காலால் தட்டிப் பார்த்து, "முதலாளி, சிமெண்டு கெட்டுது போங்க! சொட்டுத் தண்ணி கீழ எறங்காது!" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விதை போடத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டோம், கடப்பாரையால் குழி போட வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் என் மகள் சத்யப்ரியா. ஆரோவில்லில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அறிவு பெருகிவிட்டது. தோழி ஒருத்தி கொடுத்தாள் என்று ஒரு பாக்கெட் காட்டுப்பூ விதை கொண்டுவந்தாள். அட்டையில் மஞ்சளும் ஊதாவுமாக என்னென்னவோ பூக்கள். "எதையும் புடுங்கக் கூடாதுப்பா, தானா வரட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். தானாக வந்தது. நெருஞ்சி வந்தது, எருக்கு வந்தது, உப்பளத்து வரப்பில் நான் காலமெல்லாம் ஆள் விட்டுப் பிடுங்கிப்போட்ட உமரி வந்தது. பாக்கெட்டுக்குள் இருந்து வந்ததா, சொந்த ஊர்ப் பற்றில் வந்ததா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அந்தோணிராஜ் காலில் நெருஞ்சி முள் ஏறி அவர் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருக்கிறார், என் மகள் அந்தப் பூவை போட்டோ எடுத்து, "சூப்பர்ப்பா!" என்கிறாள்.

அப்புறம் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீர் எப்படி என்று உனக்கே தெரியும், ஒரு தடவை வாய் கொப்பளித்துவிட்டு அரை நாள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டிருந்தாய். திரௌபதி, "பைப்புல வர்ற நல்ல தண்ணி ரெண்டு கொடம் தெளிச்சா போதும்ங்க" என்றாள். ரெண்டு குடம்! மோட்டார் போட்டு ஏக்கர் கணக்கில் நீர் பாய்ச்சியவனிடம் ரெண்டு குடம் என்றால் கோபம் வராதா? போரைப் போட்டேன், ஹோஸைத் திறந்தேன், கொல்லையை நிரப்பினேன். தண்ணீர் அசையாமல் கண்ணாடியாக நின்றது. நல்ல வெயில் வேறு. விதை அழுகியது, புதினா கருகியது, முளைத்த நாலு கொத்தமல்லியும் ஒரே நாளில் சாய்ந்தது. பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்து பார்க்கிறேன், தோட்டம் பூராவும் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது.

கீரை போட்ட இடத்தில் உப்பு விளைந்த அதிசயம் உன் கிளியனூரில் நடக்குமா? கை சும்மா இருக்குமா எனக்கு? ஓரமாக வாரிக் குவித்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். மச்சான், பொய் சொல்ல மாட்டேன், நல்ல உப்பு. மண்ணாங்கட்டியும் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு முதல்தரம் என்றான். அந்தோணிராஜ் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "கருவாட்டுக்குக் கொஞ்சம் தாங்களேன் சார்" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். உன் அக்கா சிரிக்கவில்லை. அவள் கொல்லை மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூலையில் என்ன இருந்தது என்று உனக்கே தெரியும். கல்யாணமாகி வந்தபோது உங்கள் வீட்டிலிருந்து அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த கறிவேப்பிலை. இந்த உப்புக்காற்றில் அதைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமா? தினம் அரிசி களைந்த தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவாள். யாராவது ஒரு கொத்துக் கேட்டால், "எங்கம்மா வீட்டுச் செடி" என்று சொல்லிச் சொல்லித்தான் ஒடித்துக் கொடுப்பாள். நான் மிதித்த தரையில் தண்ணீர் இறங்கவில்லை அல்லவா? அவ்வளவும் வழிந்து எங்கே போகும்? கொல்லையிலேயே மண் பொலபொலவென்று இருந்தது அந்த ஒரு மூலையில்தான். மரம் மஞ்சளாகி, ஒரு வாரத்தில் மொட்டையாகிவிட்டது. வெட்டிப் போட்டேன், பார்க்கச் சகிக்கவில்லை.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கத்து கத்தியிருப்பேன். அவள் திட்டவில்லை. உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளினாள், பையில் புடவையை வைத்தாள், வாசலில் நின்று சொன்னாள்: "உங்களுக்கு உப்புதான் வரும். அதையே வெச்சிக்கினு சாப்பிடுங்க. எங்கம்மா செடி துளிர்க்கட்டும், நான் வர்றேன்." பஸ் ஏறிவிட்டாள். செத்த மரம் துளிர்க்குமா? போகிறவள் நியாயமாக ஒரு நிபந்தனை போட்டுவிட்டுப் போகக் கூடாதா?

எனக்கொன்றும் குறையில்லை. நானே சமைக்கிறேன். சமையலில் யோசனை சொல்ல ஆளில்லாததால் வேலை சீக்கிரம் முடிகிறது. மண்ணாங்கட்டி மூன்று வேளையும் இங்கேதான் கொட்டிக்கொள்கிறான். "ரெண்டு பேருக்கு எதுக்கு முதலாளி கல்யாணச் சோறு வடிக்கிறீங்க?" என்று கேள்வி வேறு. அதெல்லாம் அவனுக்கு எதற்கு?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுத் தாய்மரத்தடியில் பக்கக்கன்றுகள் நிறைய முளைத்துக் கிடக்கும். அதில் ஒன்றை வேரோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்கவும். புதன்கிழமை மண்ணாங்கட்டி வருவான், மாட்டுக்கொட்டகைப் பின்பக்கமாக வரச் சொல்லியிருக்கிறேன். நான் அதைப் பழைய இடத்திலேயே நட்டு, துளிர்த்துவிட்டது என்று சேதி சொல்லி அனுப்புவேன். ரத்த சொந்தம்தானே, அவளால் கண்டுபிடிக்க முடியாது. இனி என் கொல்லையில் நானாக எதையும் விதைக்க மாட்டேன், தாங்களும் எந்த விதையையும் இந்தத் திசையில் அனுப்பக் கூடாது. இந்தக் கடிதம் அக்கா கண்ணில் பட்டுவிடாமல் படித்ததும் அடுப்பில் போடவும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் புடலங்காய்கள் தரையைத் தொடும்வரை நீளட்டும்.

இப்படிக்கு,
ராங் நம்பர்
சிவஞானம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மண்ணாங்கட்டி கொல்லையிலிருந்து, "முதலாளி, ஓடியாங்க!" என்று கத்தினான். பாம்பு என்று நினைத்து தடியோடு ஓடினேன். வெட்டிய மரத்துக்கு ஒரு முழம் தள்ளி, தரையோடு தரையாக, துளிர் மச்சான்! மிதித்த மண்ணைக் கடப்பாரையால் உடைத்தெறிந்துவிட்டு, தினம் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். ரெண்டு பேர் சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? அதற்குத்தான் கல்யாணச் சோறு. சந்தேகத்துக்கு ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தேன். வாசனை அதேதான். இருந்ததே மூணு இலை, அதில் ஒன்றைக் கிள்ளிவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது.

இப்போது சொன்னால் உன் அக்கா நம்புவாளா? "எங்க வீட்டுக் கன்ன திருடி நட்டுட்டு கதை விடுறாரு" என்பாள். மேலே எழுதியதைப் படித்தால் நிச்சயம் அப்படித்தான் சொல்வாள். அதனால் அவ்வளவையும் கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளை மட்டும் அவளிடம் கொடு. ஐயோ, இதிலும் அதை எழுதித் தொலைத்துவிட்டேனே. எதையும் கொடுக்காதே, வாயால் சொல்லு. அவளே வந்து தோண்டிப் பார்த்துக்கொள்ளட்டும், வேர் பழைய வேர்தான். வீடு வீடா இல்ல மச்சான். கன்னு வேணாம். ஆள் வந்தா போதும்.