என் கணவர் பெயரில் ஒரு பிழை

மதிப்பிற்குரிய பேஸ்பால் பதிவேட்டு ஆசிரியர் அவர்களுக்கு, டொலீடோவிலிருந்து ஜெனிவீவ் வோய்ச்சிக் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பூனையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. தாங்களும் தங்கள் முழங்கால்களும் நல்லபடி இருக்க வேண்டும்.

தலையணை மொத்தத்துக்குப் புத்தகம் போட்டிருக்கிறீர்கள். அதில் என் வீட்டுக்காரருக்கு ஒரே வரி: வோய்ச்சிக், காசிமிர். இரண்டாம் பேஸ். 1952. ஆட்டம் இரண்டு, ஹிட் பூஜ்யம், பிழை ஒன்று. பூஜ்யத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மனிதர் அடிக்கவில்லை, நீங்கள் போடவில்லை. அந்தப் பிழையைத்தான் எடுக்க வேண்டும். போன மாதம் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எடுக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

நடந்தது இதுதான். அன்றைக்கு நான் பஸ்ஸைத் தவறவிட்டு, மூன்றாவது இன்னிங்ஸில்தான் போய்ச் சேர்ந்தேன், புதுசாக வாங்கிய பச்சைத் தொப்பி, அதன் இறகு வேர்க்கடலை விற்பவன் கண்ணில் குத்தி, அவன் கத்த, நான் கத்த, ஒருவழியாக உட்கார்ந்தால் மைதானமே "ஊ" என்று கூவுகிறது. குழந்தைகூடப் பிடிக்கிற பந்து, காஸ் (காசிமிரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கால்களுக்கு நடுவே போயிருக்கிறது. மேலே உட்கார்ந்திருந்த ஸ்கோரர் 'பிழை' என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை அணியின் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "பெட்டியக் கட்டுப்பா" என்றார், அவ்வளவுதான். "ஏன்யா, என்னதான் ஆச்சு?" என்று நான் கேட்டால், "கல்லுடி ஜென்னி, கல்லு! பந்து அதுல பட்டுத் திசை மாறிடுச்சு" என்று பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் காட்டினார். ஆட்டத்துக்கு முன்னால் தன் பக்கத்து மண்ணில் கல் பொறுக்குவது இரண்டாம் பேஸைக் காத்து நிற்கிறவர்களின் வழக்கம். இவர் அதற்கப்புறம் நாற்பத்தோரு வருஷம் பொறுக்கினார். மகள் கல்யாணத்தன்று கோயில் வாசலில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார், பாதிரியாரே வெளியே வந்து, "காஸ், பொண்ணு உள்ள காத்துக்கிட்டிருக்கா, வாய்யா!" என்று இழுத்துப் போனார். நானாவது சும்மா இருந்தேனா? அவர் தட்டைக் கீழே போட்டால் "பிழை ரெண்டு!" என்பேன், சாவியைத் தொலைத்தால் "பிழை மூணு!" என்பேன். சிரிப்பார்.

அந்தக் கல்லையே சாட்சியாக இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் வீட்டில் தொலைந்ததையெல்லாம் புனித அந்தோணியார் தேடித் தரட்டும்.

இப்படிக்கு,
ஜெனிவீவ் வோய்ச்சிக்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், அன்றைக்கு இவர் அணிக்குப் பந்தெறிந்த ஹோமர் துக்கம் விசாரிக்க போன் செய்தார். கல்லைப் பற்றிச் சொன்னேன். "எந்தக் கல்லு ஜென்னி? காஸ், 'அதோ பச்சைத் தொப்பி, ஜென்னி வந்துட்டா பாரு'ன்னு எனக்குக் கையக் காட்டினான். நான் எறிஞ்சுட்டேன், அவன் இன்னும் உன்னையேதான் பாத்துக்கிட்டு நின்னான். உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு அன்னிக்கே எங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டான்" என்றார்.

ஐயா, கல்லை உறையிலிருந்து எடுத்துக்கொண்டேன். பிழையை எடுக்க வேண்டாம். முடிந்தால் ஆளை மட்டும் மாற்றிப் போடுங்கள்: வோய்ச்சிக், ஜெனிவீவ். 1952. ஆட்டம் ஒன்று, தாமதம். பிழை ஒன்று.